குச்சிக்கிழங்குக்கு நாடித்துடிப்பு 78!

போன மார்கழியில் ஒரு நாள் காலை 5.40 மணிக்கு நான் செத்துப் போயிருக்க வேண்டும். நானாகச் சொல்லவில்லை. என் கைக்கடிகாரம் சொன்னது.

சூரமங்கலத்தில் எங்கள் வீதியிலிருந்து ஜங்ஷன் வரைக்கும் ஓடிவிட்டுத் திரும்பிக் கொண்டிருந்தேன். 'ஓடி' என்றதும் ஒலிம்பிக்ஸ் அளவுக்குக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பால்காரர் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என்னை முந்திப் போனார். அந்த வேகம். கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை. திடீரென்று மணிக்கட்டில் 'டுர்ர்ர்' என்று ஓர் அதிர்வு. பார்த்தால், சிவப்பு எழுத்தில் 176! பக்கத்தில் ஒரு இதய பொம்மை தாறுமாறாகத் துள்ளிக் கொண்டிருந்தது.

அதுவரை எனக்கு ஒன்றுமில்லை. அதைப் படித்த மறு விநாடி நெஞ்சு அடைத்தது, நாக்கு வறண்டது, இடது கை வலித்தது. (ராத்திரி பூரா அந்தக் கையைத் தலைக்கு வைத்துத்தான் தூங்கியிருந்தேன். அந்த நேரத்தில் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்?)

ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"யாருக்குங்கண்ணா சீரியஸ்?"

"எனக்குத்தான்."

டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இருநூறு ரூபாய் கேட்டார். சாகப் போகிறவன் பேரம் பேசலாமா? பேசினேன். நூற்றைம்பதுக்குப் படிந்தது.

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் ரொம்பச் சின்னப் பையன். மார்பில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார். நீளமாக வந்த காகிதத்தைப் பார்த்தார். "94. நார்மல். பயத்துல கொஞ்சம் கூட இருக்கு. ஓடிட்டு வந்தீங்களா சார்?"

"ஆமாம் டாக்டர்."

"அப்ப உங்க வாட்ச் இதயத்தை எண்ணல. உங்க காலை எண்ணியிருக்கு."

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். வாட்ச் வாங்கியது 1,799 ரூபாய். அது சொன்ன பொய்க்கு நான் கட்டிய அபராதம், ஆட்டோ உட்பட, 1,300 ரூபாய். என் மனைவி ரசீதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இதயம் இருக்குன்னு ஈ.சி.ஜி.யில தெரிஞ்சுதா? அது போதும், காசு வீணாப் போகல" என்றாள்.

*

நான் படித்தது பி.காம். பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதுகிற நேரம் போக, நாலு கடைக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். இதயத்துக்கு நாலு அறை என்பதே பத்தாம் வகுப்போடு மறந்துவிட்டது. ஆனால் ஒரு கணக்கு உதைத்தால், ஏன் உதைக்கிறது என்று தெரியாமல் தூக்கம் வராது. அதுதான் பி.காம்.

எனவே, விசாரணையில் இறங்கினேன்.

இந்த வாட்ச்சைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடியில் பச்சையாக ஒரு விளக்கு மினுக் மினுக்கென்று எரியும். ரத்தம் சிவப்பு, பச்சை வெளிச்சத்தை நன்றாக உறிஞ்சிக் கொள்ளும். இதயம் ஒரு முறை அழுத்தினால் மணிக்கட்டுத் தோலுக்கடியில் கொஞ்சம் அதிக ரத்தம் வருகிறது. திரும்பி வரும் வெளிச்சம் குறைகிறது. அடுத்த நொடியில் ரத்தம் வடிகிறது. வெளிச்சம் கூடுகிறது. இந்தக் கூடல் குறைச்சலை ஒரு சின்னக் கண் பார்த்துக்கொண்டே இருந்து, நிமிடத்துக்கு இத்தனை என்று எண்ணிச் சொல்கிறது. அவ்வளவுதான் சமாச்சாரம். ஹெர்ட்ஸ்மன் என்கிற அமெரிக்க விஞ்ஞானி 1937-லேயே வெளிச்சத்தை வைத்துத் தோலின் ரத்த ஓட்டத்தை இப்படிப் படம் பிடித்திருக்கிறார்.

அதாவது, டாக்டர் வைக்கும் ஈ.சி.ஜி. இதயத்தின் மின்சாரத்தை நேரடியாகக் கேட்கிறது. வாட்ச், கடைசித் தெருவில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் லாரி வந்ததா இல்லையா என்று எட்டிப் பார்க்கிறது.

அதில்தான் வம்பு. கையை வீசி ஓடினால் வாட்ச் ஆடும். தோல் ஆடும். உள்ளே ரத்தமும் அலம்பும். இந்த ஆட்டம், துடிப்பை விடப் பெரிதாகத் தெரியும். வாட்ச் பாவம், எது தாளம் தவறாமல் வருகிறதோ அதையே இதயம் என்று பிடித்துக் கொள்ளும். ஓடுகிற ஆசாமி நிமிடத்துக்கு 160, 170 என்று அடி வைப்பது சகஜம். அந்தக் காலை 5.40-க்கு என் கால்கள் வைத்த அடிதான் 176. நான் என் செருப்புச் சத்தத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன்.

போதாக்குறைக்கு மார்கழிக் குளிர். குளிரில் தோலுக்கு வரும் ரத்தம் குறையும். அதோடு, வாரை வளையல் மாதிரித் தொளதொளவென்று கட்டியிருந்தேன். மூன்றும் சேர்ந்தால் எந்த வாட்ச்சும் உளறும்.

'220-இல் வயதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் இதயத்தின் உச்சவரம்பு' என்று வாட்ச்சோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. அதுவும் கல்வெட்டு இல்லை. 1970-களின் தொடக்கத்தில் சில ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்ட கோடு. 2001-இல் டனாகா என்பவரும் சகாக்களும் 208-இல் வயதின் 0.7 பங்கைக் கழியுங்கள் என்று மாற்றிச் சொன்னார்கள். அதுவும் சராசரிதான். ஆளுக்கு ஆள் மாறும்.

*

தை பிறந்தது. சூரமங்கலம் உழவர் சந்தையில் குச்சிக்கிழங்கு குவிந்தது. (வெளியூர்க்காரர்களுக்கு: மரவள்ளிக்கிழங்கு. இதை அரைத்துத்தான் சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி செய்கிறார்கள். உங்கள் வீட்டுப் பாயசத்தில் எங்கள் ஊர் இருக்கிறது.) மனைவி இரண்டு கிலோ வாங்கி வந்து தோல் உரிக்க உட்கார்ந்தாள். அதில் ஒரு கிழங்கு அச்சு அசல் என் மணிக்கட்டு சைஸில் இருந்தது.

எனக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டான். வாட்ச்சைக் கழற்றிக் கிழங்குக்குக் கட்டினேன்.

பச்சை விளக்கு மினுக்கியது. யோசித்தது. பிறகு சொன்னது: 78.

"ஏய், இங்க பாரு! கிழங்குக்கு நாடி பேசுது!"

மனைவி எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு 94, இதுக்கு 78. உங்களைவிட நிதானமான ஆசாமிதான்."

இன்னொரு கிழங்குக்குக் கட்டினேன். 64. ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். 81. வேக வைத்து எடுத்ததற்கும் கட்டிப் பார்த்தேன். 80! கடவுளே, வெந்த பிறகும் உயிர்! அன்றைக்குக் கிழங்குத் தாளிப்பு எனக்கு இறங்கவே இல்லை.

இது என் வீட்டு அதிசயம் மட்டுமல்ல. சில வருஷங்களுக்கு முன் சீனாவில் டாய்லெட் பேப்பர் சுருளுக்கு இப்படிப் பட்டியைக் கட்டி, அதற்கும் இதயம் துடிப்பதைப் படமெடுத்துப் போட்டார்கள். காரணம் சுலபம். வாட்ச்சுக்குக் கொடுத்த வேலை 'எங்கேயாவது தாளம் இருக்கிறதா, தேடு' என்பது. உண்மையான தாளம் இல்லாத இடத்தில், பக்கவாட்டில் கசிகிற வெளிச்சத்தையும் சில்லறைச் சத்தத்தையும் பெரிதாக்கிப் பார்த்து, ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சொல்லிவிடும். 'தெரியாது' என்று சொல்லத் தெரியாது. நம்மில் பல பேர் அப்படித்தானே!

பெரிய கம்பெனி வாட்ச்சுகளே எப்படி என்று தேடினேன். அமெரிக்காவில் கிளீவ்லண்ட் கிளினிக் டாக்டர்கள் 50 பேரை டிரெட்மில்லில் ஓடவிட்டு, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஈ.சி.ஜி.யோடு அச்சு அசலாக ஒத்துப்போனால் 1 என்று வைத்துக்கொண்டால், மார்பில் கட்டும் பட்டி 0.99 வாங்கியது. கையில் கட்டும் நாலும் 0.83-லிருந்து 0.91 வரை. மறு வருஷம் ஸ்டான்ஃபோர்டில் 60 பேரிடம் ஏழு கருவிகளைக் கட்டிப் பார்த்தார்கள். இதயத் துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள்தான். பரவாயில்லை, பாஸ். ஆனால் 'இத்தனை கலோரி எரித்தீர்கள்' என்று சொல்வதில் ஏழுமே பெயில். உள்ளதில் நல்லதே 27 சதவீதம் தப்பு. மோசமானது 93 சதவீதம்!

எனக்குப் பகீரென்றது. தினமும் வாட்ச் சொன்ன கலோரியை நம்பித்தானே ஐந்து ரோடு பக்கம் இரண்டு தட்டுவடை செட் உள்ளே தள்ளிக் கொண்டிருந்தேன்!

நம்மைப் போன்ற கறுப்புத் தோலுக்கு அந்தப் பச்சை விளக்கு ஒத்துவருமா என்று ஒரு சந்தேகம் இருந்தது. டியூக் பல்கலைக்கழகத்தார் பல நிறத்தவர்களை வைத்துப் பார்த்து 2020-இல் எழுதினார்கள். அவர்கள் ஆய்வில் நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆட்டத்தால்தான். சும்மா இருக்கும்போது வருவதை விட, அசையும்போது பிழை சராசரியாக 30 சதவீதம் அதிகம்.

இவ்வளவும் படித்துவிட்டு நான் செய்திருக்க வேண்டியது: 'ஓடும்போது நம்பாதே, உட்கார்ந்திருக்கும்போது ஓரளவு நம்பு' என்று முடிவு கட்டியிருக்க வேண்டும். நான் கட்டிய முடிவு: 'இது கிழங்குக்கு நாடி பார்க்கிற வாட்ச். டுபாக்கூர்.'

வாட்ச்சைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். விளையாட்டுச் சாமான் கொடுப்பது போல.

*

அப்பாவுக்கு எழுபத்தொன்று. ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். (2022-இல் அந்த உத்தியோகத்துக்கு 'ட்ரெயின் மேனேஜர்' என்று பெயர் மாற்றினார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "கார்டுன்னா கார்டுதான்டா!") முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரே எச்.எம்.டி. வாட்ச். தினம் காலை ஆறு மணிக்குச் சாவி கொடுப்பார். வண்டி எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு லேட், ஏன் லேட் என்று நோட்டில் எழுதியே பழகிய கை. ரிட்டையர் ஆன பிறகும் விடவில்லை. பால் எத்தனை மணிக்கு வந்தது, கரண்ட் எத்தனை மணிக்குப் போனது, எல்லாம் டயரியில் ஏறும்.

புது வாட்ச்சை இடது கையில் கட்டிக்கொண்டு எச்.எம்.டி.யை வலது கைக்கு மாற்றினார். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"டேய் தம்பி, இதுல 42-னு காட்டுதே. கம்மியில்லையா?"

நான் மாதக் கடைசி ஜி.எஸ்.டி. வேலையில் இருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்பா, அது வெந்த கிழங்குக்கு 80 காட்டின வாட்ச்சுங்க. அதைப் போய் நம்பிக்கிட்டு!"

அப்பா சிரித்தார். "கிழங்கை விட நான் கம்மியா இருக்கேங்கிறதுதான் கொஞ்சம் வருத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

எட்டு நாள் போயிற்று. மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. உழவர் சந்தையில் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த அப்பா, அப்படியே கண்ணை இருட்டிக்கொண்டு வந்து சாக்கு மேல் உட்கார்ந்துவிட்டார். யாரோ தண்ணீர் கொடுத்து ஆட்டோவில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். முகம் வெளுத்திருந்தது. "ஒண்ணுமில்லடா, வெயில்" என்றார். மாசி மாதம் காலை எட்டு மணிக்கு என்ன வெயில்?

மனைவி எதிர் வீட்டுக்கு ஓடினாள். அங்கே நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆன அம்மா ஒருத்தர் இருக்கிறார். தெருவுக்கே 'சிஸ்டர்'. வந்தார். அப்பாவின் வலது கையிலிருந்த எச்.எம்.டி.யைக் கழற்றி எதிரில் வைத்துக்கொண்டு, மூன்று விரலால் நாடியைப் பிடித்தார். ஒரு நிமிடம் முழுசாக. வீட்டில் மூச்சுச் சத்தம் இல்லை. விநாடி முள் மட்டும் சுற்றியது.

1707-இல் ஃப்ளாயர் என்று ஓர் இங்கிலீஷ் டாக்டர் நாடி எண்ணுவதற்கென்றே சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கிற கடிகாரம் செய்ய வைத்தாராம். அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே நம் வைத்தியர்கள் மூன்று விரலை வைத்து வாதம், பித்தம், கபம் பார்த்தார்கள். எத்தனை நூற்றாண்டு போனாலும் கடைசியில் மூன்று விரல்தான் என்று அப்போது தோன்றியது.

"42" என்றார் சிஸ்டர்.

என் வயிற்றில் ஏதோ புரண்டது.

சிஸ்டர் அத்துடன் விடவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து நெஞ்சில் வைத்தார். ஒரு கை நாடியில், காது நெஞ்சில். புருவம் சுருங்கியது.

"தம்பி, நெஞ்சுல ரெண்டு சத்தம் கேட்டா, கையில ஒண்ணுதான் வருது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. அப்பாவை நடக்க விடாதீங்க."

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இந்த முறை காகிதத்தைப் பார்த்த டாக்டர் "நார்மல்" என்று சொல்லவில்லை. இதயம் நிமிடத்துக்கு 84 தடவை அடிக்கிறது. ஆனால் ஒன்று விட்டு ஒன்று, முந்திரிக்கொட்டைத் துடிப்பு. இதயம் ரத்தத்தால் நிரம்புவதற்குள்ளேயே அவசரப்பட்டு அழுத்திவிடுகிறது. அழுத்தினால் என்ன, உள்ளே சரக்கு இருந்தால்தானே கை வரைக்கும் வரும்? அதனால் 84-இல் 42 மட்டுமே மணிக்கட்டை எட்டியது.

அப்பா பி.பி.க்காக, நீர் பிரியச் செய்கிற மாத்திரை ஒன்று வருஷக் கணக்காகச் சாப்பிட்டு வந்தார். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் இறங்கியிருந்தது. அந்த உப்பு குறைந்தால் இதயம் இப்படித் தாளம் தப்பும் என்றார் டாக்டர். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இதயத்தை ஸ்கேன் எடுத்தார்கள். அதில் பெரிய கோளாறு இல்லை. உப்பைச் சரிக்கட்டி, மாத்திரையை மாற்றினார்கள்.

இரண்டாம் நாள் அப்பா தலைமாட்டிலிருந்த டயரியை டாக்டரிடம் நீட்டினார். அதில் வரிசையாக, கார்டு கையெழுத்தில்: 'காலை 6.10 — 44. பகல் 2.00 — 41. இரவு 8.30 — 42.' இப்படி எட்டு நாளைக்கு.

டாக்டர் புரட்டிப் பார்த்தார். "பிரமாதமா எழுதியிருக்கீங்க ஐயா. இதை முதல் நாளே கொண்டு வந்திருக்கலாமே?"

அப்பா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

*

அன்று ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் காலேஜில் படித்த பாடம் ஒன்று ஞாபகம் வந்தது. பேங்க் ரெகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட். ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும். நம் காஷ் புக் ஒரு தொகை சொல்லும். பேங்க் பாஸ் புக் வேறொரு தொகை சொல்லும். உடனே 'பேங்க் மோசடி' என்று கத்துகிறவன் பி.காமில் பெயில். நாம் 84 செக் எழுதியிருப்போம். 42-தான் பேங்குக்குப் போய்ப் பணமாகியிருக்கும். இரண்டு புத்தகமும் உண்மைதான் பேசுகிறது. வித்தியாசத்துக்குக் காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் கணக்கன் வேலை.

அப்பாவின் இதயம் காஷ் புக். மணிக்கட்டு பாஸ் புக். அந்த 1,799 ரூபாய் வாட்ச் பாஸ் புக்கை ஒரு பைசா பிசகாமல் படித்துச் சொல்லியிருக்கிறது, எட்டு நாளாக, ஆடாமல் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரின் கையிலிருந்து. நான்தான் மார்கழியில் சொன்ன பொய்க்காக மாசியில் சொன்ன உண்மையைத் தள்ளுபடி செய்திருக்கிறேன். 'புலி வருது' கதையில் சிறுவன் செய்தது பாதித் தப்பு. கடைசித் தடவை ஊர்க்காரர்கள் எழுந்துபோய்ப் பார்க்காதது மீதித் தப்பு. அந்த ஊர்க்காரன் நான்.

வாட்ச்சைக் கும்பிடச் சொல்லவில்லை. அமெரிக்காவில் சுமார் 4 லட்சத்து 19 ஆயிரம் பேர் கலந்துகொண்ட ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. கடிகாரம் 'தாளம் சரியில்லை' என்று எச்சரித்தது அரை சதவீதம் பேரைத்தான். அவர்களில், பிறகு மார்பில் ஒட்டும் கருவியை மாட்டிப் பார்த்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு நிஜமாகவே கோளாறு பிடிபட்டது. மற்றவர்களுக்கு அந்தச் சமயத்தில் பிடிபடவில்லை. ஆகவே கடிகாரம் தீர்ப்பு எழுதாது. கதவைத் தட்டும். யார் என்று பார்ப்பது நம் வேலை.

இப்போது என் வீட்டுச் சட்டம் இதுதான். ஓடும்போது வாட்ச் என்ன சொன்னாலும் சிரித்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, மணிக்கட்டு எலும்புக்குக் கொஞ்சம் மேலே வாரைப் பதமாக இறுக்கிக் கட்டின பிறகும் வினோதமாகக் காட்டினால், விரலை வைத்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணு. எண்ணிக்கையோ தாளமோ உதைத்தால் டாக்டரைப் பார். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு என்றால் எதையும் எண்ணாதே. ஆட்டோ பிடி. பேரம் பேசாதே.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். உழவர் சந்தைக்கும் போகிறார். காலை ஆறு மணிக்கு எச்.எம்.டி.க்குச் சாவி கொடுத்து, தன் நாடியைத் தானே எண்ணி, டயரியில் இரண்டு பத்தி போட்டு எழுதுகிறார்: 'விரல்', 'வாட்ச்'. பெரும்பாலும் இரண்டும் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று வித்தியாசத்தில் நிற்கின்றன.

போன வாரம் அவர் தூங்கும்போது திருட்டுத்தனமாக அந்த டயரியைப் புரட்டினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தேதியில் ஒரு வரி இருந்தது. ரயில் கார்டு எழுதுகிற அதே தோரணையில்:

'வண்டி வந்து சேர்ந்தது. தாமதம்: 8 நாள். காரணம்: மகன்.'